இருட்டில் மொபிலிட்டி ஸ்கூட்டர்: லைற் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

லண்டனில் மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுபவர்கள் இருந்து ஓட்டும் பற்றரி வண்டி) திருத்தும் வேலை செய்கிறேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்ததும் லைற் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடுகிறது. “நான் இரவில் ஓடுவதே இல்லை” என்று சொல்லும் ஐயாமாரும் மூன்று மணிக்குக் கடைக்குப் போனால் இருட்டில்தான் வீடு திரும்புகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் சில:

அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் லைற் இருக்கிறது. அது போதாதா அண்ணா? (ஹரோவிலிருந்து ஒரு மகள்)

பின்லைற்றை ஒருமுறை குனிந்து பாருங்கள், தங்கச்சி. பெரும்பாலும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். போன மார்கழியில் ஒரு ஐயா வந்தார். பின்லைற் எரியவில்லை என்று தெருவில் போகிறவர்கள் சொல்கிறார்களாம். லைற் நன்றாகத்தான் எரிந்தது. கதிரையின் முதுகில் கொழுவியிருந்த பைக்குள் ஐந்து கிலோ அரிசியும் ஒரு கட்டு லீக்ஸும் இருந்தன. பாரத்தில் பை கீழே இறங்கி லைற்றையும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் முழுதாக மூடியிருந்தது. பையைத் தூக்கியதும் சிவப்பு வெளிச்சம் என் கையில் பட்டது. அந்த ஐயா எத்தனை பின்னேரங்கள் அப்படியே வீடு போயிருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

சைக்கிளுக்குப் பூட்டும் சிவப்பு லைற் ஒன்றை வாங்கிக் கதிரையின் மேல் விளிம்பில் கட்டிவிடுங்கள். பையிலும் ஒளி திருப்பும் பட்டி ஒட்டுங்கள். அப்புறம் ஒரு சோதனை: இருட்டியதும் அப்பாவை ஸ்கூட்டரில் இருத்திவிட்டு, இருபது அடி பின்னால் போய் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். கார் லைற் படும்போது எது மின்னும், எது கறுப்பாகவே கிடக்கும் என்று அந்தப் படம் காட்டிவிடும். பக்கவாட்டிலும் ஒன்று எடுங்கள்.

நானே ஒரு 12 வோல்ட் லைற் வாங்கி ஒரு பற்றரியில் வயர் கொடுக்கலாமா? (ஈஸ்ட் ஹாம்)

தயவு செய்து வேண்டாம், தம்பி. அநேகமான ஸ்கூட்டர்களில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் அது மற்றதைவிடக் கூடுதலாக வடியும். சார்ஜரோ இரண்டையும் ஒன்றாகவே ஏற்றும். அப்போது ஒன்று அளவுக்கு மேல் ஏறும், மற்றது நிரம்பாது. கடைசியில் இரண்டுமே கெட்டுப்போகும். 24-ஐ 12 ஆகக் குறைக்கும் கன்வேட்டரை ஃபியூஸோடு தொழில் தெரிந்தவர் பூட்டினால் சரி. என்னைக் கேட்டால், யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் சைக்கிள் லைற்றே போதும். வயர் வேலை இல்லை, வாரண்டிக்கும் பிரச்சினை வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்கூட்டர்களில் கிளாஸ் 2 என்ற வகை நடைபாதைக்கானது, மணிக்கு 4 மைல் வரை. நடைபாதை இல்லாத இடத்திலும் கடக்கும்போதும் மட்டும் ரோட்டில் இறங்கலாம். கிளாஸ் 3 வகை ரோட்டில் மணிக்கு 8 மைல் வரை போகலாம். அதை டிவிஎல்ஏயில் (வாகனங்களைப் பதியும் அரச அலுவலகம்) பதிய வேண்டும். முன்-பின் லைற், ரிஃப்ளெக்டர், இன்டிகேட்டர், ஹோர்ன், பின்பார்வைக் கண்ணாடி எல்லாம் கட்டாயம். நடுவில் பிரிப்புள்ள இரட்டை வழிச் சாலையில் ஓடினால் மினுங்கும் அம்பர் விளக்கும் வேண்டும்.

அம்மாவுக்குப் பளிச்சென்ற மஞ்சள் ஜக்கெற் வாங்கிக் கொடுத்தேன். அது போதும்தானே? (டூட்டிங்)

அந்த மஞ்சள் பகலில்தான் பளிச்சிடும். இரவில் மின்னுவது அதில் தைத்திருக்கும் சாம்பல் பட்டிதான். பட்டி இல்லாத ஜக்கெற் இருட்டில் சாதாரணத் துணி. மழைக்காக மேலே போர்த்தும் மழையங்கியையும் (கேப்) கவனியுங்கள், அது ஜக்கெற்றையும் லைற்றையும் சேர்த்து மூடிவிடும். அம்மாவுக்கு ஜக்கெற் போடக் கூச்சமாக இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். பட்டியைக் கதிரையின் முதுகிலும் இரு கைப்பிடிகளின் வெளிப்பக்கத்திலும் ஒட்டுங்கள்.

முன்லைற்றை இன்னும் பிரகாசமாக்கலாமா?

மாற்றுவதற்கு முன் அதைக் கீழே சரியுங்கள். 4 மைல் வேகத்தில் நொடிக்கு 1.8 மீற்றர்தான் போகிறோம். ஐந்து மீற்றர் தெளிவாகத் தெரிந்தால் நிற்க நேரம் இருக்கிறது. மேல்நோக்கிய லைற் எதிரே நடந்து வருபவரின் கண்ணைத்தான் கூசவைக்கும்.

லைற் போட்டால் பற்றரி தீர்ந்து போகாதா?

எல்ஈடி என்றால் மோட்டார் எடுப்பதோடு ஒப்பிட மிகச் சொற்பம். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், அதற்கு லைற் காரணமில்லை. லைற்றை அணைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

எனக்கு 78 வயது. ரோட்டைக் கடக்கும்போது கார்க்காரர் என்னைக் கண்டாரா என்று எப்படித் தெரியும்?

ஐயா, நிறுத்தியிருக்கும் இரு கார்களுக்கு நடுவால் கடக்கவே வேண்டாம். உங்கள் தலைக்கு முன் ஸ்கூட்டரின் மூக்கு ரோட்டுக்குள் போய்விடுகிறது, பக்கவாட்டிலும் லைற் இல்லை. கொஞ்சம் சுற்றிப் போனாலும் சிக்னல் உள்ள இடத்துக்குப் போங்கள். சீப்ரா கடவை என்றால் ஓரத்தில் நில்லுங்கள். இருட்டில் ஓட்டுநரின் முகம் தெரியாது, அவர் லைற்றை அடித்துக் காட்டினால் அது யாருக்கென்றும் தெரியாது. காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். அது உருளாமல் முழுதாக நின்ற பிறகு ரோட்டில் இறங்குங்கள்.