எச்ஆர்டி எடுத்தால் உடம்பில் என்னென்ன மாறும்?

அக்காவுக்கு 50 வயது, மாதவிடாய் நின்று ஒரு வருடம், டாக்டர் எச்ஆர்டி (மாதவிடாய் நின்றபின் குறைந்துபோகும் பெண் ஹார்மோன்களை மருந்தாகக் கொடுப்பது) எழுதிக் கொடுத்திருக்கிறார், உடம்பு குண்டாகுமா, கேன்சர் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மும்பை செம்பூர். வயது 52. ஒன்றரை வருடமாக அந்த இரண்டு ஹார்மோனும் எடுக்கிறேன்: கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரி புரோஜெஸ்டிரோன் மாத்திரை.

எனக்கு என்ன வந்திருக்கிறது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. இந்த ஊரில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? ஒருநாள் ஏசி லோக்கல் ரயிலில் எல்லாப் பெண்களும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறி குர்த்தா தொப்பலாக நனைந்துவிட்டது, அப்போதுதான் உறைத்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், உடல் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி இம்மி சூடு ஏறினாலும் பதறிவிடுகிறது.

ஜெல் ஆரம்பித்து மூன்று வாரத்தில் அனல் அடங்கி, நடுராத்திரி நைட்டி மாற்றுவது நின்றது. கீழே இருந்த வறட்சியும் எரிச்சலும் போக மூன்று மாதம் ஆனது. எலும்புத் தேய்மானமும் குறையுமாம், அது கண்ணுக்குத் தெரிகிற விஷயம் இல்லை. தொந்தரவும் உண்டு: முதல் இரண்டு மாதம் மார்பு கனத்து வலித்தது, இடையிடையே லேசாக ரத்தம் பட்டது. ஆறு மாதம் தாண்டியும் ரத்தம் பட்டால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எடை? எனக்கு இரண்டு கிலோ ஏறியது, அது வடாபாவ் கணக்கு.

கேன்சர் பயம் பெரும்பாலும் 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வால் வந்தது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோனும் சேர்த்து மாத்திரையாக எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேருக்குச் சுமார் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. ஆக, ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்து அங்கே புற்றுநோய் வரலாம், அதற்குத்தான் புரோஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஈரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஜெல்லில் அந்தச் சிக்கல் குறைவு. எனக்கு பிபி இருப்பதால் டாக்டரம்மா ஜெல்லே போதும் என்றார்.

ஒன்று, தடவிய இடம் காய்ந்த பிறகுதான் உடை போட வேண்டும், குழந்தைகள் அதைத் தொடக்கூடாது. தினமும் காலையில் நான் கையை விரித்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே நிற்பதைப் பார்த்து மாமியார் கேட்டார், “இது என்னடி புது யோகா?”