கரண்டி பட்டு ஒலித்த கண்ணாடிக் குவளை

கேள்வி: 'அல்லல்பட்ட ஒரு யூதக் குடும்பத்தின் கதைதான் எனக்கு ஒரு நாவலாசிரியரைக் கொண்டுவந்து சேர்த்தது' என்று சென்ற இதழில் எழுதினீர்கள். பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, ஐயா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அவர் ஜோசப் ரோத். நாவல் 'யோபு'. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து சோதிக்கப்படும் பக்தனின் பெயர் அது. ஜெர்மன் மொழியில் 1930-ல் வெளிவந்தது. எனக்குக் கிடைத்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னட்டை கிழிந்த பிரதியை 12 ரூபாய்க்கு வாங்கினேன். ஆசிரியர் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

ஜார் காலத்து ரஷ்யாவில், சுக்னோவ் என்னும் சிற்றூரில், மெண்டல் சிங்கர் என்ற ஏழை வாத்தியார் தம் வீட்டுச் சமையலறையில் சிறுவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறார். மனைவி தெபோரா. யோனாஸ், ஷெமாரியா என்று இரண்டு மகன்கள், மிரியம் என்று ஒரு மகள். நான்காவதாகப் பிறந்தவன் மெனுகிம். அவனுக்கு வலிப்பு, தலை பெரிது, கால்கள் வளைந்தவை. வருடக்கணக்கில் அவன் வாயிலிருந்து வரும் ஒரே சொல் 'அம்மா'.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா ஏறாத கோயில் இல்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கினாள். தெபோரா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் ரபியை, அதாவது யூத மதகுருவை, பார்க்கப் போகும் பக்கங்களை நான் அந்த நடைபாதையில் நின்றே படித்து முடித்தேன். பிள்ளை ஒருநாள் குணமாவான், ஆனால் எவ்வளவு பாரமாக இருந்தாலும் அவனை விட்டுப் போகாதே என்கிறார் ரபி.

போகிறார்கள். மிரியம் கொசாக்குப் படைவீரர்களோடு வயல்வெளியில் திரிவது தெரிந்ததும், அவளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், அமெரிக்காவில் இருக்கும் ஷெமாரியாவிடம் புறப்பட்டுப் போகிறார்கள். மெனுகிமை அயலாரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு உலகப் போர் வருகிறது. ஒரு மகன் போரில் சாகிறான். இன்னொருவன் காணாமல் போகிறான். தெபோரா இறக்கிறாள். மிரியமுக்குச் சித்தம் கலங்குகிறது.

இதைச் சொன்னால் வெறும் துயரப் பட்டியலாகத் தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு. மூத்த பிள்ளைகள் மூவரும் தம்பியைச் சுமந்து அலுத்து, ஒருநாள் அவன் தலையை மழைநீர்ப் பீப்பாயில் அமுக்குகிறார்கள். அவன் பிழைத்துக்கொள்கிறான். அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதால் விளையாடப் போக முடியாத மாலைகள் எனக்கும் இருந்தன. ரோத் அந்தக் குழந்தைகளை அரக்கர்களாக்கவில்லை. அதற்காகவே அவரை நம்பினேன்.

இன்னொரு இடம். வீட்டில் மெண்டலும் மெனுகிமும் மட்டும் இருக்கிறார்கள். 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்' என்று மகனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார் தகப்பன். அவனிடம் ஓர் அசைவும் இல்லை. கடைசியில் கரண்டியை எடுத்துத் தேநீர்க் குவளையில் தட்டுகிறார். உடனே பிள்ளை தலையைத் திருப்புகிறான், கண்ணில் வெளிச்சம். வேதம் எட்டாத இடத்தை அந்தக் கண்ணாடி ஒலி எட்டிவிடுகிறது. என் அக்கா வெண்கல மணிச் சத்தத்துக்கு மட்டும் சிரிப்பாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தேன். இன்றும் மடிப்பு அப்படியே இருக்கிறது.

கேள்வி: நீங்கள் குறிப்பிட்டது 'யோபு'தான் என்று ஊகிக்கிறேன். அதன் முடிவில் பிள்ளை திரும்பி வருகிறான். இவ்வளவு உண்மையாக எழுதியவர் கடைசியில் இப்படி ஓர் அற்புதத்தில் போய் ஒதுங்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இந்தக் குறையைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முதலில், அது வானத்திலிருந்து விழுந்த அற்புதம் அல்ல. நாவலின் தொடக்கத்திலேயே ஒரு மருத்துவர், மெனுகிமை மருத்துவமனைக்கு அனுப்புங்கள், குணமாகலாம் என்கிறார். அங்கே பிள்ளை யூத ஆசாரம் கெட்டு வளர்வான் என்று அஞ்சி மறுத்துவிடுபவர் மெண்டல்தான். பின்னாளில் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவர்தான் அவனைக் குணப்படுத்துகிறார். நியூயார்க்கில், யூதர்களின் பாஸ்கா பண்டிகை இரவில், இசையமைப்பாளனாகக் கதவைத் தட்டுகிறவன் தகப்பனின் பக்தியையும் பிழையையும் சேர்த்தே கொண்டுவருகிறான்.

இரண்டாவது, ரோத்தின் வாழ்க்கை. அவர் 1894-ல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில், பிரோடி என்னும் ஊரில் பிறந்தார். இப்போது அது உக்ரைனில் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மகன் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. 'யோபு'வை எழுதிய நாட்களில் மனைவி ஃபிரீடல் மனப்பிளவு நோயில் விழுந்திருந்தாள். ஹிட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30 அன்றே ரோத் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பிறகு ஃபிரீடலின் பெற்றோர் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவள் ஆஸ்திரியாவில் மனநல மருத்துவமனையிலேயே இருந்தாள். நோயாளிப் பிள்ளையை விட்டுவிட்டுக் குடும்பம் கடல் கடக்கும் கதை, நாவல் வந்து சில ஆண்டுகளில், அவர் வீட்டிலேயே நடந்தது. ரோத் 1939 மே மாதம் பாரிஸில் இறந்தார். மறு ஆண்டு நாஜிகள் ஃபிரீடலை லின்ஸ் அருகே ஹார்ட்ஹைம் மாளிகையில் நச்சுப்புகையிட்டுக் கொன்றார்கள். மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அங்கே ஆயிரக்கணக்கில் கொன்றிருக்கிறார்கள்.

நோயுற்ற மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையாவது எழுந்து நடக்கட்டும் என்று எழுதிய மனிதரிடம், ஏன் சுபமாக முடித்தாய் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

கேள்வி: யூத மரபு எதுவும் தெரியாமல் இதைப் படிக்க முடியுமா? ரோத்தை வேறு எதில் தொடங்கலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் படிக்கலாம். தமிழ் விவிலியத்தில் யோபுவின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள், போதும். பலரும் 1932-ல் வந்த 'ராடெட்ஸ்கி மார்ச்' நாவலையே முதலில் எடுக்கச் சொல்வார்கள். பேரரசு சரிவதைச் சொல்லும் பெரிய நாவல்தான். ஆனாலும் நான் 'யோபு'வைத்தான் கையில் கொடுப்பேன். விவிலிய யோபுவுக்குக் கடைசியில் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் மறுபடி பிறக்கிறார்கள். மெண்டலின் வாசலுக்கு வருபவன் ஒரே ஒருவன், அவர் விட்டுவிட்டு வந்தவன்.