தொட்டாலே கொடியா? ஃபுட்பால் ஆடும் மகனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஹைஸ்கூலில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக, அதாவது எதிரணி ஆட்டக்காரரை வீழ்த்துகிற இடத்தில், ஆடும் மகன் கல்லூரியிலும் ஆட வேண்டும் என்கிறான், விடலாமா என்பது ஒன்று. "என்.எஃப்.எல்.லில் இப்போதெல்லாம் தொட்டாலே கொடி வீசுகிறார்கள், விதி போட்டே ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள், இதில் என்ன ஆபத்து?" என்று தொழில்முறை லீக்கைக் காட்டி அவன் வாதாடும்போது என்ன சொல்வது என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால்தான் மற்றதை அவன் காதில் போட்டுக்கொள்வான்.

விதிமீறல் என்று ரெஃப்ரி வீசுகிற கொடியைத்தான் அவன் சொல்கிறான், அதில் உண்மை இருக்கிறது. 2017இல் ஆரன் ராட்ஜர்ஸ் என்கிற குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிகிறவருக்கு, எதிரணி ஆள் வீழ்த்தியதில் காறை எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு, குவார்ட்டர்பேக்கை வீழ்த்துகிறவர் தன் முழு எடையையும் அவர் மேல் போடக் கூடாது என்பதை லீக் கறாராக அமல்படுத்தியது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் ஓடிவந்து பாய்ந்த பிறகு எங்கே உடம்பைத் திருப்புவது? அந்த செப்டம்பரில் மயாமி அணியின் வில்லியம் ஹேஸ், குவார்ட்டர்பேக் டெரிக் காரை வீழ்த்தும்போது எடையைப் போடாமல் இருக்கப் பார்த்து, தன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அவருடைய கோச் சொன்ன காரணமே அதுதான். 2022 அக்டோபரில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை வீழ்த்தியதற்காக கிரேடி ஜாரெட்டுக்கு வீசிய கொடி எனக்கு இன்றும் நியாயமாகத் தெரியவில்லை. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து, இடுப்பைச் சுழற்றி அவர் கால்மேல் விழுந்து வீழ்த்துகிற ஹிப்-டிராப் டேக்கிளை 2024இல் தடை செய்தபோது ஆட்டக்காரர்களின் சங்கமே எதிர்த்தது. சில விதிகள் எழுதப்பட்ட விதமும், ரெஃப்ரிகள் அவற்றைப் பார்க்கும் விதமும் சரியில்லை. இதை அவனிடம் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆனால் பாதுகாப்பு விதிகளால் ஆட்டம் கெட்டுப்போகிறது என்பதை நான் ஏற்கவில்லை. 1905 சீசனில் கிட்டத்தட்ட 18 பேர் இந்த ஆட்டத்தால் இறந்துபோனதாக அன்றைய பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். கூட்டமாக முட்டித் தள்ளுவதைக் குறைத்து ஆட்டத்தைத் திறந்துவிட, 1906இல் செய்த மாற்றங்களில் ஒன்றுதான் பந்தை முன்னோக்கி எறிகிற ஃபார்வர்ட் பாஸ். உங்கள் மகன் எழுந்து நின்று கத்துகிற அந்த நீளமான பாஸ், உயிர்களைக் காக்கப் போட்ட விதியிலிருந்து வந்தது. 1976இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையை ஈட்டி மாதிரி முன்னால் நீட்டி மோதுவதைத் தடை செய்தார்கள். கழுத்து முறிந்து உடல் செயலிழந்துபோகும் சம்பவங்கள் அதன்பின் வேகமாகக் குறைந்தன.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர் 2002இல், 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, சி.டி.இ. என்கிற மூளைச் சிதைவு நோயை அதில் கண்டுபிடித்தார். வெப்ஸ்டர் ஆடியது சென்டராக. பந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் எதிரே நிற்பவரோடு மோதுகிற இடம் அது. டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிற பயங்கர மோதல்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. மயக்கம் வராத, யாரும் கொடி வீசாத சின்னச் சின்ன மோதல்கள் வருடக்கணக்கில் சேர்வதுதான் இந்த நோய்க்கு வழி என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். எத்தனை முறை கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி வந்தது என்பதைவிட எத்தனை வருடம் ஆடினார் என்பது அதிகம் பேசுகிறது. உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டறிய வழியும் இல்லை. அவர்களே 2017இல் வெளியிட்ட ஆய்வில், என்.எஃப்.எல்.லில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்தன, அதனால் ஆடியவர்கள் எல்லோருக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய எண் இல்லை.

அதனால் விதிகள் அளவு மீறிவிட்டன என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மோதல்மேல் மிகையாகவும், தெரியாத மோதல்மேல் குறைவாகவும் அவை பாய்கின்றன என்பேன். தெரியாத மோதலை உண்மையில் தொட்ட விதி ஒன்று உண்டு, அதைப் பற்றி டிவியில் யாரும் சண்டை போடுவதில்லை. 2011 ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் சங்கம் பேரம் பேசி, ஒரு சீசனுக்கு 14 முறைக்கு மேல் பாதுகாப்புப் பேட் கட்டிக்கொண்டு மோதும் பயிற்சி கூடாது என்று வாங்கியது.

உங்கள் மகனுக்குச் சங்கம் இல்லை. விதி அதிகம் என்று அவன் குறைசொல்கிற லீக்கில் பாதுகாப்புக்கு ஆள் இருக்கிறது. அவன் நிற்கிற பள்ளி மைதானத்தில் அது மாநிலத்துக்கு மாநிலம், கோச்சுக்குக் கோச் மாறும். நியூ ஜெர்சி 2019இல் சீசன் நடக்கும்போது முழு மோதல் பயிற்சியை வாரத்துக்கு 15 நிமிடமாகக் குறைத்தது. கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம் வரை போகலாம். மோதாமல் பழகினால் தோற்றுப்போவோம் என்று கோச் சொன்னால், டார்ட்மத் கல்லூரியை நினைவூட்டுங்கள். 2010இல் பயிற்சியில் ஆட்டக்காரரை ஆட்டக்காரர் டேக்கிள் செய்வதை நிறுத்திய அணி அது. ஹார்வர்ட், யேல் எல்லாம் ஆடுகிற ஐவி லீக்கின் பட்டத்தை 2015இல் பகிர்ந்துகொண்டது.

எனவே ஞாயிற்றுக்கிழமை டிவியை விட்டுவிட்டுப் பயிற்சி மைதானத்துக்குப் போங்கள். வாரத்துக்கு எத்தனை நிமிடம் மோதல் என்று கோச்சிடம் கேளுங்கள். காயங்களைக் கவனிக்கிற, தகுதி பெற்ற அத்லெட்டிக் டிரெய்னர் மேட்சுக்கு மட்டும் வருகிறாரா, தினசரிப் பயிற்சிக்கும் வருகிறாரா? இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது, பூட்டிய அறையிலா? 2023 ஜனவரி 2ஆம் தேதி என்.எஃப்.எல். ஆட்டக்காரர் டமார் ஹாம்லினின் இதயம் மைதானத்திலேயே நின்றபோது, ஓடிவந்து மார்பை அழுத்தியவர் அவருடைய அணியின் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன். ஹாம்லின் அடுத்த சீசனில் மறுபடி ஆடினார். வெயிலில் சுருண்டு விழுகிறவரை முக்கி எடுக்க ஐஸ் தண்ணீர்த் தொட்டி உண்டா என்றும் கேளுங்கள். 2001இல் மின்னசோட்டாவின் கோரி ஸ்டிரிங்கர் இறந்தது மோதலால் இல்லை, பயிற்சி முகாமின் சூட்டால்.

அப்புறம், அடிபட்டவனைத் திரும்ப ஆடவிடும் முடிவு யார் கையில்? கோச் கையில் என்றால் அந்த அணி வேண்டாம். 2022இல் மயாமி குவார்ட்டர்பேக் டூவா டாகோவைலோவா மைதானத்தில் தள்ளாடியதை நாடே பார்த்தது. அவ்வளவு விதிகளும் டாக்டர்களும் இருந்தும் அவர் அன்றே திரும்ப ஆடினார், நான்கு நாளில் இன்னொரு மேட்சில் ஸ்டிரெச்சரில் போனார். லீக் விதியை மாற்றியது அதற்குப் பிறகுதான். தலை சுற்றுவதை மறைத்தால் இடம் போகாது என்று உங்கள் மகனும் கணக்குப் போடலாம். மறைக்க மாட்டேன் என்று அவனிடம் வாய்விட்டு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஆடவிடுங்கள். ஒழுங்கான பதில் கிடைக்காவிட்டால் அவன் கோபித்துக்கொண்டாலும் நிறுத்துங்கள். கல்லூரியைப் படிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஃபுட்பால் அதோடு வரட்டும். கல்லூரியில் ஆடுகிற நூறு பேரில் இரண்டு பேர்கூட என்.எஃப்.எல்.லுக்குப் போவதில்லை. போனாலும் சராசரியாக மூன்று வருடம் சொச்சம்தான். ஐவி லீக்கிலும் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் தட்டான டிவிஷன் 3 கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜான் உர்ஷல் என்.எஃப்.எல்.லின் பால்டிமோர் அணியில் ஆடிக்கொண்டே எம்.ஐ.டி.யில் கணிதத்தில் பிஎச்.டி. படித்தவர். நான் மேலே சொன்ன 2017 ஆய்வு வெளிவந்த இரண்டாம் நாள், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். இன்று எம்.ஐ.டி.யிலேயே கற்பிக்கிறார். மைரன் ரோல் டென்னசி அணியில் சேர்ந்தவர், பிறகு நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரானார். விலகும் நாளுக்கு இவர்கள் கையில் வேறொரு வேலை இருந்தது. உங்கள் மகனுக்கு அந்தப் பிடி இப்போதே வேண்டும்.

ஆட்டத்தோடு ஒட்டிய வேலைகளும் அவனுக்குப் பொருந்தலாம். அத்லெட்டிக் டிரெய்னர் ஆக இப்போது மாஸ்டர்ஸ் படிப்பும் சான்றிதழ் தேர்வும் வேண்டும். ஹெல்மெட் வடிவமைப்பு, பயோமெக்கானிக்ஸ், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் ஹைஸ்கூலில் இயற்பியலும் உயிரியலும் அடிப்படை. அவன் இந்த ஆண்டு எடுத்திருக்கும் பாடங்களையும் மதிப்பெண்களையும் எனக்கு அனுப்புங்கள். கோச்சைப் பார்க்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளில் பாதியை அவனே கேட்கட்டும்.