பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணார், தீத்துவுக்கு ஏன் பண்ணல?

கேள்வி: எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதுசா வர்ற ஒரு பிரதர், ஆதி விசுவாசிங்க நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே குடுத்த சட்டத்தைக் கைக்கொண்டாங்க, அதனால நாமளும் ஓய்வுநாள் ஆசரிக்கணும், பன்றிக்கறி தொடக்கூடாதுங்கிறார். நான் பவுல் எழுதின கலாத்தியர் நிருபத்தைக் காட்டினா அவர் அப்போஸ்தலர் 21-ஐக் காட்டுறார். பைபிள் ஸ்டடி எடுக்கிறவன் நான், என்ன பதில் சொல்றது?

பதில்: பிரதர், முதல்ல ஒண்ணு, அவர் காட்டுற வசனத்தை மறுக்காதீங்க, அது அப்படியேதான் இருக்கு. பவுல் எருசலேமுக்கு வந்ததும் அங்க சபையை நடத்தின யாக்கோபும் மூப்பர்களும், இங்க ஆயிரக்கணக்குல யூதர்கள் விசுவாசிச்சிருக்காங்க, எல்லாரும் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமா இருக்காங்கன்னு சொல்றாங்க. அப்புறம் பொருத்தனை பண்ண நாலு பேரோட சேர்ந்து சுத்திகரிச்சுக்கோ, அவங்க தலைச்சவரம் பண்ற செலவையும் நீயே பாத்துக்கோங்கிறாங்க, பவுல் சரின்னு அடுத்த நாளே தேவாலயத்துக்குப் போறார். இது நசரேய விரதம்னா, அதாவது கொஞ்ச காலம் கடவுளுக்குன்னு தன்னை ஒதுக்கி வைக்கிற விரதம்னா, எண்ணாகமம் 6-ன் படி ஒருத்தருக்கு ஒரு ஆண் ஆட்டுக்குட்டி, ஒரு பெண் ஆட்டுக்குட்டி, ஒரு ஆட்டுக்கடா, அப்போ நாலு பேருக்கு 12 ஆடு, சின்னச் செலவு இல்ல. நியாயப்பிரமாணத்துக்குக் கட்டுப்பட வேண்டாம்னு கலாத்தியருக்கு எழுதின அதே பவுல்தான் இதையும் செய்றார்.

ஆனா உங்க கூட்டத்துக்கு வர்ற அந்த பிரதர் அடுத்த வசனத்தையும் வாசிக்கணும். விசுவாசிகளான புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவங்களுக்கு இதெல்லாம் இல்லன்னு நாங்க ஏற்கெனவே தீர்மானிச்சு எழுதியனுப்பிட்டோம்னு 21:25-ல அதே வாயாலயே சொல்றாங்க. அது கி.பி. 49 வாக்குல எருசலேம்ல கூடின கூட்டத்தோட தீர்ப்பு, அப்போஸ்தலர் 15. விக்கிரகங்களுக்குப் படைச்சது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம், இந்த நாலுக்கும் விலகியிருங்க, அவ்வளவுதான். அதுல ஓய்வுநாளும் இல்ல பன்றியும் இல்ல.

அதனால எந்த வசனம் வந்தாலும் இது யாரைப் பத்தினதுன்னு முதல்ல கேளுங்க. பவுலோட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவோட அம்மா யூத ஸ்திரீ, அப்பா கிரேக்கர், அந்தப் பக்கத்து யூதர்களுக்கு அது தெரியும், அதனால பவுல் அவருக்கு விருத்தசேதனம், அதாவது ஆணுறுப்பு நுனித்தோலை நீக்குற யூதச் சடங்கு பண்றார். பவுலோட இன்னொரு கூட்டாளி தீத்து கிரேக்கர், அவருக்குக் கட்டாயம் பண்ணணும்னு வந்தவங்களுக்குப் பவுல் ஒரு நாழிகைகூட இணங்கல. ரெண்டும் ஒரே மனசுதான். யூதன் யூதனா இருக்கட்டும், கிரேக்கனை யூதனாக்க வேண்டாம், 1 கொரிந்தியர் 7:18-ம் இதைத்தான் சொல்லுது.

சிக்கல் வந்தது சாப்பாட்டுப் பந்தியிலதான். அந்தியோகியாவுல பேதுரு புறஜாதியாரோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தவர், யாக்கோபுகிட்டயிருந்து ஆளுங்க வந்ததும் பயந்து எழுந்து விலகிட்டார், பாத்துட்டு பவுலோட ஊழியம் செஞ்ச பர்னபாவும் விலகிட்டார். மிச்சம் உக்காந்திருந்த புறஜாதி விசுவாசிங்களை நினைச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் கூட சாப்பிட்டவங்க இன்னிக்கு எழுந்து போறாங்க, அப்போ நாங்க யூதனா மாறினாத்தான் முழு விசுவாசியான்னு தோணாதா? பவுல் எல்லார் முன்னாடியும் எதிர்த்து நின்னது இதுக்குத்தான். எனக்கு அந்த இடம் வாசிக்கிறப்பெல்லாம் மனசு வலிக்கும்.

2-ம் நூற்றாண்டுல யுஸ்தீன்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளரும் இதே கேள்விக்கு, நியாயப்பிரமாணம் கைக்கொள்ற யூத விசுவாசி இரட்சிக்கப்படுவான், மத்தவங்களைக் கட்டாயப்படுத்தாம இருந்தா போதும்னு எழுதியிருக்கார், கூடவே எல்லாரும் இதை ஒத்துக்கிறதில்லன்னும் சொல்றார்.

உங்க பிரதர் பன்றிக்கறி வேண்டாம்னா விட்டுடுங்க, ரோமர் 14 அவருக்கு இடம் குடுக்குது, அவர் வர்ற அன்னிக்கு அதைச் சமைக்காதீங்க. ஆனா அடுத்தவங்க சாப்பிட்டா இரட்சிப்பு இல்லன்னு கூட்டத்துல சொன்னார்னா அங்கயே நிறுத்தி அப்போஸ்தலர் 15-ஐ முழுசா சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அவரையே வாசிக்கச் சொல்லுங்க.