ரிலாக்ஸர் போட்ட முடிக்கு தினமும் வினிகர் தேவையா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. சுருட்டை முடி. மூன்று வாரத்துக்கு முன் வீட்டிலேயே ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கினேன். பெட்டியில் ஒரு கிரீமும், அதில் கலக்க ஒரு சின்ன பாட்டில் திரவமும் இருந்தன. கூடவே வந்த நியூட்ரலைசிங் ஷாம்புவை ஒரு தடவைதான் போட்டேன். இப்போது முடி நார் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது, சீவினால் உடைகிறது. "முடியின் பி.எச். கெட்டுப்போச்சு, தினமும் வினிகர் ஊற்றி அலசு" என்கிறாள் தோழி. அக்காவோ சமையல் சோடா போடச் சொல்கிறாள். சில இடங்களில் முடி சரியாக நேராகவும் இல்லை. அதைச் சரிசெய்ய பார்லரில் தையோ ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது, அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்துகொள்ளாதீர்கள். நீங்கள் போட்டது ஹைட்ராக்ஸைடு வகை ரிலாக்ஸர். பார்லரில் போடப்போவது தையோகிளைகோலேட் என்ற, முடியை நேராக்கும் வேறொரு ரசாயனம். ஒன்று போட்ட முடியின் மேல் மற்றொன்றைப் போட்டால், முடி கொத்துக் கொத்தாக முறிந்து விழும். மாதங்கள் கழித்துப் போட்டாலும் இதே கதைதான். ரிலாக்ஸர் பட்ட முடி முழுவதும் வளர்ந்து வெட்டப்படும்வரை தையோ பக்கமே போகக் கூடாது. பார்லரில் யாராவது "ஒண்ணும் ஆகாது" என்றாலும் நம்ப வேண்டாம்.

இனி பி.எச். விஷயம். அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண் அது. 7-க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். தலைத்தோலின் பி.எச். சுமார் 5.5. முடித்தண்டு அதைவிடவும் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. ரிலாக்ஸரோ 12-க்கு மேல். பி.எச். அளவுகோலில் ஒரு எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது என்று பொருள். சாதாரண நீரின் 7-ஐயும் ரிலாக்ஸரின் 12-ஐயும் ஒப்பிட்டால் லட்சம் மடங்கு. அவ்வளவு காரம் பட்டதும் முடி உப்பி, மேலே ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் செதில்கள் விரிந்துகொள்கின்றன. உள்ளே போன காரம், முடிக்கு வடிவம் தரும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, வேறொரு வகைப் பிணைப்பாக மாற்றிவிடுகிறது. இந்த மாற்றம் நிரந்தரம். "ரிலாக்ஸர் செய்ததை மாற்றித் தருகிறோம்" என்று சொல்லி விற்கும் எந்தச் சீரமும் பழைய பிணைப்பைத் திரும்பக் கொண்டுவராது.

பி.எச்.-ஐ இறக்கும் வேலையை அன்றைக்கே, குழாயடியிலேயே முடித்துவிட வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். காதுக்குப் பின்புறமும் பிடரியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகிற இடங்கள். பிறகு நியூட்ரலைசிங் ஷாம்பு. பல ஷாம்புகளில் நிறம் மாறும் பொருள் ஒன்று சேர்த்திருப்பார்கள். தலையில் காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாகும். நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று முறையாவது. நீங்கள் ஒரு முறையோடு நிறுத்தியதால், காரம் தேவைக்கு மேல் நேரம் முடியில் தங்கியிருக்கக்கூடும். இன்றைய உடைசலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் மூன்று வாரத்தில் பல தடவை தலைக்குக் குளித்திருப்பீர்கள். அந்தக் காரம் இப்போது உங்கள் தலையில் இல்லை. இருப்பது அது விட்டுப்போன சேதம். வினிகரால் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. அதன் பி.எச். சுமார் 2.5, ஏற்கெனவே எரிச்சல் கண்ட தலைத்தோலில் தினமும் ஊற்றினால் எரிச்சல் கூடும். எலுமிச்சைச் சாறும் அப்படியே. சமையல் சோடா இன்னும் மோசம், அது காரமே. காரத்தால் கெட்ட முடிக்கு மறுபடி காரத்தையா போடுவது? சோப்புக் கட்டியையும் இதே காரணத்துக்காகத் தலைக்குத் தேய்க்க வேண்டாம்.

சொரசொரப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கிரீமையும் திரவத்தையும் கலந்து போட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கிரீமில் இருந்தது கால்சியம் ஹைட்ராக்ஸைடாகவே இருக்கும். இந்த வகை தலைத்தோலைச் சற்றுக் குறைவாக எரிக்கும் என்பார்கள். ஆனால் முடியின்மேல் கால்சியம் உப்பு படிந்து, முடி வறண்டு மங்கிப்போகும். இதை எடுக்க கீலேட்டிங் ஷாம்பு என்று கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் உள்ள பொருள்களின் பட்டியலில் கால்சியத்தைப் பிடித்து நீக்கும் இ.டி.டி.ஏ. இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை போட்டு, உடனே கண்டிஷனர் போடுங்கள். வாராவாரம் இந்த ஷாம்பு வேண்டாம், அது முடியை உலர்த்தும்.

மற்ற நாட்களில் சல்ஃபேட் இல்லாத மென்மையான ஷாம்பு போதும். ஒவ்வொரு தடவையும் கண்டிஷனர் கட்டாயம். நல்ல கண்டிஷனர்கள் பெரும்பாலும் இலேசான அமிலத்தன்மையோடுதான் தயாராகின்றன. வினிகரிலிருந்து நீங்கள் எதிர்பார்த்ததை இது பக்குவமாகச் செய்துவிடும். குளிப்பதற்கு முன் முடித்தண்டில் தேங்காய் எண்ணெய் தடவினால், முடி தண்ணீரில் உப்புவது குறையும். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அயர்ன், ப்ளீச், இறுக்கக் கட்டும் ரப்பர் பேண்ட் மூன்றையும் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். நுனி பிளந்த பகுதியை வெட்டிவிடுவதே நல்லது. மனம் கேட்காதுதான், ஆனால் விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும்.

சேதம் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். நனைந்த முடி ஒன்றை இரு விரல்களுக்கிடையே மெதுவாக இழுங்கள். கொஞ்சம் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பினால் நம்பிக்கை உண்டு. பசை போல நீண்டு, திரும்பாமல் அறுந்தால் அந்தப் பகுதியைக் காப்பாற்றுவது கடினம். சீப்பில் வரும் முடியையும் கவனியுங்கள். குட்டையாக, இரு முனையும் வெறுமையாக இருந்தால் அது உடைந்த முடி. ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்கிறது என்று அர்த்தம். அது நிறைய வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேராகாத இடங்களை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அடுத்த ரிலாக்ஸர் போடுவதென்றால், உடைவது முழுவதும் நின்று, எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது கழித்து, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும், பழகிய கையால் போடப்பட வேண்டும்.

தலைத்தோலில் புண், நீர்வடிதல், பொருக்கு, அல்லது ஒரே இடத்தில் சொட்டை தெரிந்தால் இதில் எதையும் முயலாமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். காரத் தீக்காயம் ஆழமானால் மயிர்க்கால்கள் வடுவாகிவிடும், அங்கே மறுபடி முடி முளைக்காது.