முகம் மட்டும் கருநீலமானது ஏன்?

கேள்வி: எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த பழைய வீடொன்றைப் பிரித்தபோது, தேக்கு உத்திரம் சரிந்து என் சித்தப்பாவின் மார்பின்மேல் விழுந்துவிட்டது. தூக்கி எடுக்கச் சில நிமிடங்கள் ஆயின. மருத்துவமனையில் இருக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். ஆனால் முகமும் கழுத்தும் கருநீலமாகி, கண்கள் ரத்தச் சிவப்பாக உள்ளன. மூளையில் ரத்தம் கட்டியிருக்கும் என்று பார்க்க வருபவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் சித்தப்பாவுக்கு ஏற்பட்டிருப்பது பெரும்பாலும் 'ட்ராமாட்டிக் அஸ்பிக்சியா' எனப்படும், மார்பு நசுங்குவதால் மூச்சு தடைபடும் நிலையாக இருக்கலாம். பாரிஸில் கூட்ட நெரிசலில் இறந்தவர்களின் உடல்களில் இதே முகத்தோற்றத்தைக் கண்டு, ஒலிவியே என்ற மருத்துவர் 1837-இலேயே எழுதியிருக்கிறார். பாரம் விழுவதைக் கண்டவர் அச்சத்தில் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்கிறார். அந்த நொடியில் மார்பு நசுங்கும்போது, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தலையை நோக்கிப் பின்னுக்குத் தள்ளப்பட, முகத்திலும் கண்ணிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்துப் புள்ளிபுள்ளியாகக் கசிகின்றன. கால்களின் சிரைகளில் ரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகள் இருப்பதால் அங்கே நிறம் மாறுவதில்லை.

மூளைக்குள் ரத்தக்கசிவு இதில் அரிது. தலையில் அடிபட்டிருந்தாலோ, குழப்பமோ மயக்கமோ தெரிந்தாலோ சி.டி. ஸ்கேன் அவசியம். முகத்தின் கருமை இரண்டு மூன்று வாரங்களில் தானே மறையும். அதற்குத் தனி மருந்து இல்லை, பத்துப் போடவும் வேண்டாம்.

நான் அஞ்சுவது முகத்தைப் பற்றியல்ல. விலா எலும்பு முறிவு, நுரையீரல் கன்றிப்போதல், மார்புக்கூட்டில் காற்றோ ரத்தமோ சேர்தல், கல்லீரல், மண்ணீரல், முதுகெலும்புக் காயம் ஆகியவைதான் உயிரைப் பறிப்பவை. நுரையீரல் காயம் முதல் ஓரிரு நாள்களில் மோசமாகக்கூடும் என்பதால், நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். முதுகெலும்புக் காயம் இல்லையென்று உறுதியானபின் தலைப்பக்கத்தைச் சுமார் 30 டிகிரி உயர்த்துவார்கள், ஆக்சிஜன் தருவார்கள், ஆழ்ந்து மூச்சுவிடும் அளவுக்கு வலியைக் குறைப்பார்கள், காற்றோ ரத்தமோ சேர்ந்திருந்தால் மார்பில் குழாய் பொருத்துவார்கள்.

மஞ்சுவிரட்டுத் திடலில் கூட்டம் நெருக்கும்போதும், வயலில் டிராக்டர் கவிழும்போதும் இதே காயம் நேரலாம். பாரத்தை உடனே அகற்றி, கழுத்து அசையாமல் படுக்கவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் முகம் எவ்வளவு கறுத்திருந்தாலும் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி) தொடங்கத் தயங்கக்கூடாது. தண்ணீர் புகட்டாதீர்கள்.

கண்ணின் வெளிச்சிவப்பு பார்வையைக் கெடுக்காது. ஆனால் பார்வை மங்குவதாகச் சித்தப்பா சொன்னால், அன்றே கண் மருத்துவரைக் கொண்டு விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.