வேலைக்குச் சேர்ந்த டீன் ஏஜ் பிள்ளைக்கு நேரத்துக்குக் கிளம்பக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வியைப் பார்த்ததுமே உங்கள் வீட்டுக் காலை எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு தடவை எழுப்பியிருப்பீர்கள், ஐந்தாவது தடவை கத்தியிருப்பீர்கள், பிள்ளை பல் தேய்த்துக்கொண்டே செல்போனைப் பார்த்திருக்கும். அப்புறம் "இதுக்கு வேலைக்கே போக வேண்டாம்" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னவள்தான்.

என் மகள் பிளஸ் டூ முடித்து, கல்லூரி திறக்கும்வரை இரண்டு மாதம் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். (பதினெட்டு முடிந்தபிறகுதான் அனுப்பினேன், குழந்தைத் தொழிலாளர் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.) எங்கள் வீடு திருப்பரங்குன்றம். காலை ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும், பத்து நிமிடம் தாண்டினால் அரை நாள் சம்பளம் கட். முதல் இரண்டு வாரத்தில் ஆறு நாள் லேட். அதில் இரண்டு நாள் சம்பளமும் போனது.

நான் செய்யாதது இல்லை. அலாரம் வைத்தேன். ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் எழுதி பீரோவில் ஒட்டினேன். அது மூன்று நாள் தாங்கியது. சோம்பேறி என்று திட்டினேன். அந்த வார்த்தையைச் சொன்னதற்கு இப்போதும் வருத்தம் உண்டு, ஏனென்றால் அவள் சோம்பேறி இல்லை, கணக்குத்தான் தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை இல்லாத நேரமாகப் பார்த்து, "கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டேன். "அரை மணி நேரம்மா" என்றாள். அந்தக் கணக்கை நம்பித்தான் பல நாள் தாமதமாகக் கிளம்பியிருக்கிறாள்! நான் பிளவுஸ் அளவு எழுதும் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து, மூன்று நாளைக்கு எதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதச் சொன்னேன். புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

"கிளம்பிட்டேன்" என்று சொன்னதிலிருந்து வாசல்படி தாண்ட 9 நிமிடம். துப்பட்டாவுக்கு ஊக்கு, தண்ணீர் பாட்டில், சார்ஜர் தேடுவது எல்லாம் அதில் அடக்கம். ஸ்டாப்புக்கு நடக்க 6. பஸ்ஸுக்குக் காத்திருப்பது 15. பழங்காநத்தம் நெரிசலோடு பெரியார் பஸ் ஸ்டாண்டு போக 28. அங்கிருந்து கடைக்கு நடை 15. கடையில் போனை ஒப்படைத்து யூனிஃபார்ம் புடவை மாற்ற 5. கூட்டினால் 78 நிமிடம். அவள் சொன்ன அரை மணி நேரம் பொய் இல்லை, பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காத்திருப்பு 15 நிமிடத்திலும் ஒரு கதை இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லையே, அந்தப் பஸ்தான் வேண்டும் என்று டிக்கெட் பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கப் போய் அரை நாள் சம்பளம் 175 ரூபாயை விட்டிருக்கிறாள். இலவசப் பஸ்ஸைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், நானும் அதில்தான் போகிறேன். பத்து நிமிடத்துக்குமேல் நிற்கக்கூடாது, அதற்குப்பின் எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவது என்று நேரம் குறித்தது அவள்தான்.

கூடவே எழுப்புவதையும் நிறுத்தினேன். இதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் எட்டே காலுக்கு எழுந்தாள், சம்பளம் போனது, ராத்திரி வந்து என்னோடு பேசவில்லை. "பெத்தவளா நீ" என்று மாமியார் கேட்டார். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அடுத்த நாள் அவளே எழுந்தாள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கல்நெஞ்சுக்காரி ஆகிவிடுவேன். இந்த வயதில் உடம்பின் தூக்க நேரமே பின்னால் தள்ளிப்போகுமாம், பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். பள்ளிகளே காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் உடம்பின்மேல் போட முடியாது, ஒரு மணிவரை ரீல்ஸ் பார்த்ததும் இருக்கிறது. போனை என் தையல் மெஷின் பக்கத்தில் சார்ஜ் போட வைத்தோம். என் போனும் அங்கேதான் தூங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள், சரி என்றேன்.

நேரத்துக்குப் போவது பற்றி இவ்வளவு பேசுகிறோம், நேரத்துக்கு வீட்டுக்கு விடுவது பற்றி யாராவது பேசுகிறார்களா? பத்து நிமிடம் தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்கிற கடை, கடைசி கஸ்டமர் போகும்வரை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒரு ரூபாய் தராது. கல்யாணத்துக்கு முன் நான் நாலு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள், கால் வலி இன்னும் போகவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். மகள் வேலை பார்த்த கடையிலும் ஸ்டூல் இருந்தது. அதில் மடித்த புடவைகள் உட்கார்ந்திருந்தன.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டும் பேனாவும் பிள்ளை கையில் இருக்கட்டும், நீங்கள் எழுதிக் கொடுத்தால் என் பீரோ சார்ட் மாதிரிதான் ஆகும். அதற்குப்பின் லேட்டே ஆகவில்லையா என்று கேட்டால், மூன்று நாள் ஆனது. இரண்டு நாள் வைகாசி முகூர்த்தம், திருப்பரங்குன்றத்துக் கல்யாணக் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. மூன்றாவது நாள் தூங்கிவிட்டாள்.